ரூபினியின் இரண்டு கதவுக் கார்

ரூபினியின் சீருடைப் பையில் மூன்று வாரமாக ஒரு தாள் கிடந்தது. சீருடையைத் துவைக்கப் போடும்போது எடுத்து மேசைமேல் வைப்பாள். காலையில் மறுபடியும் பைக்குள் போட்டுக்கொள்வாள். தாளில் ஐந்து வரிகள். பயணி பக்கத்துக்குப் பந்தய இருக்கை. பின் இருக்கையைக் கழற்றுவது. அந்த இடத்தில், கார் உருண்டாலும் நசுங்காமல் காக்கும் இரும்புக் கூண்டு. தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டு. குளிரூட்டும் ஏர்கோனை எடுத்துவிடுவது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஒருநாள் அதை அடிப்பாள், இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போடுவாள். தாள் கந்தலாகிவிட்டது, முடிவு வரவில்லை.

சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். யோங் பெங்கில் பட்டறை வைத்திருக்கும் தீபன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான். கூண்டு போடுவதென்றால் காரின் தரைத் தகட்டில் துளை போட வேண்டும். துளையை அடைக்கலாம், காரைப் பழையபடி ஆக்க முடியாது.

ரூபினிக்கு நாற்பத்து மூன்று வயது. சிகாமட்டில் ஒரு தனியார் டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. பெக்கோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் பயிற்சிக்குப் போய், பிறகு சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தாள். ஜோகூர் பாருவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடப்பாள். அம்மாவுக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். அம்மா போன பிறகு அப்பாவுடன் தாமான் குடியிருப்பு வீட்டிலேயே இருந்துவிட்டாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றது. அதைப் பற்றி அவள் அழுததாக யாரும் பார்த்ததில்லை.

கார் மட்டும் அவளாக வாங்கியது. ஜப்பான் கார், இரண்டு கதவு, தாழ்வான உடம்பு, கையால் கியர் மாற்றும் வகை. வாங்கும்போதே பத்து வருடம் ஓடியிருந்தது. இது எதுக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஓட்டுவதற்கு என்று பதில் சொன்னாள்.

போன மார்ச்சில் செப்பாங் கார்ப் பந்தய ஓட்டக்களத்தில் சொந்தக் காரை யாரும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒருநாள் ஏற்பாடு செய்திருந்தார்கள். தீபன் அவளுடைய பெயரையும் கொடுத்திருந்தான். இரவல் தலைக்கவசத்தோடு நாலு சுற்று ஓட்டினாள். ஐந்தாவது சுற்றில், நீண்ட நேர்ச்சாலை முடிகிற இடத்தில், பிரேக் மிதி பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போனது. அலறவில்லை. கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, மெதுவாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். சூடு தாங்காமல் பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது, வீட்டுக் காரை அங்கே கொண்டுபோனால் இது நடப்பதுதான் என்றார்கள். மணிக்கட்டைப் பிடித்துத் தன் நாடியை எண்ணினாள். வேகமாக, ஆனால் சீராக இருந்தது. இருபது வருடமாக மற்றவர்களின் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன் உடம்பு இப்படி முழுசாக விழித்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நோயாளிக்கு ஊசி ஏற்றிவிட்டுக் கை கழுவும்போது வலது கால் தானாகத் தரையை மிதித்தது. சந்தைக்குப் போகும் பத்து நிமிட வழியை விட்டுவிட்டு லாபிஸ் சாலை வரை போய்த் திரும்பினாள். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வாசலுக்குப் போய் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். இந்தக் காரில் பணத்தைக் கொட்டுவது தகுமா, அல்லது விற்றுவிட்டுச் சும்மா இருக்கலாமா என்று ஒருநாளில் நாலுமுறை மனம் மாறியது. காப்பீடு ஓட்டக்களத்துக்குச் செல்லாது. கூண்டு போட்ட காரைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே சாலையில் பிடித்தால் சம்மன். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தாள் பையிலேயே இருந்தது.

அவளுடைய அப்பா வேலுவுக்கு எழுபத்தைந்து வயது. தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காலை, பல் விளக்கும்போது இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பியது, கை திரும்பவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பிசியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவது ரூபினி. தரையோடு தரையாக இருக்கும் இரண்டு கதவுக் காரில், பக்கவாதக்காரரை ஏற்றி இறக்குவது அவளுடைய வேலையாகிவிட்டது. சக்கர நாற்காலியைக் காருக்கு இணையாக நிறுத்தி, அவருடைய நல்ல பக்கமான வலது பக்கம் இருக்கையை ஒட்டி இருக்கும்படி வைப்பாள். இடுப்பில் பட்டையைக் கட்டி, முட்டியால் அவர் முட்டியை அணைத்து, எழுப்பித் திருப்பி உட்கார வைப்பாள். மடித்த நாற்காலி பின் இருக்கையில் போய்ப் படுக்கும். ஒவ்வொரு முறையும் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்.

“குழியில இறக்குற மாதிரி இருக்கும்மா.”

இரண்டு தெரு தள்ளி அண்ணன் கமலநாதன் இருக்கிறான். செம்பனை ஆலையில் மேற்பார்வையாளன். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வைத்திருக்கிறான். நாற்காலி உயரத்தில் இருக்கை, கதவு பக்கவாட்டில் தள்ளித் திறக்கும், நோயாளியை ஏற்றுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். வாங்கி ஒன்றரை வருடமாகியும் கடையில் போட்டிருந்த பிளாஸ்டிக்கை இருக்கைகளிலிருந்து இன்னும் பிரிக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வெளியே எடுப்பான், வந்ததும் துடைத்துப் போர்வை போர்த்துவான். அப்பாவுக்கு வழியில் சிறுநீர் கசியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரூபினியின் வண்டி வேகமாகப் போகும், ரூபினி தாதி, ரூபினிக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்று, அப்பாவை அவளே கொண்டுபோக மூன்று காரணம் சொன்னார்கள். மூன்றும் உண்மையாக இருந்ததால் மறுத்துப் பேச அவளுக்கு வழியில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்தக் காரியம் நடந்தது. தீபனிடம் பழைய பந்தய இருக்கை ஒன்று கிடந்தது. போட்டுப் பார்த்துத் தருகிறேன் என்று இரவல் வாங்கினாள். முதலில் ஓட்டுநர் பக்கம்தானே மாற்றுவார்கள் என்று தீபன் கேட்டதற்கு, ஓட்டக்களத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லிப் பயணி பக்கமே பொருத்தச் சொன்னாள். இரண்டு பக்கமும் தொடை உயரத்துக்கு எழும்பி, ஆளை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் இருக்கை அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பாவைத் திருப்பி உட்கார வைக்கப் பார்த்தாள். அவருடைய இடுப்பு அந்த மேட்டில் இடித்து நின்றது. மறுபடியும் பார்த்தாள். ஏறவில்லை. அப்பாவை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். என் காரில் இனி ஏற்ற முடியாது, நீ வா என்றாள். சொல்லும்போது அவளுக்குள் ஒரு சுகம் ஓடியது. நாள்பட்ட மலச்சிக்கல் தீர்ந்தவருக்கு வரும் சுகம் மாதிரி. நோயாளிகளிடம் அதைப் பல தடவை பார்த்திருந்ததால் உடனே அடையாளம் தெரிந்தது.

கமலநாதன் வரவில்லை. கிராப் வாடகைக் கார் ஒன்றை அனுப்பினான். அந்த டிரைவர் நாற்காலியையும் அப்பாவின் காற்சட்டையையும் பார்த்துவிட்டு, நீண்ட பயணம் ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. அண்ணன் ஏற்பாடு செய்வான் என்று ரூபினி காத்திருந்தாள். பழைய இருக்கையைத் திரும்பப் பொருத்த அரை மணி நேரம் போதும் என்பது அவளுக்குத் தெரியும். பொருத்தவில்லை.

வியாழக்கிழமை அப்பாவைக் குளிப்பாட்டும்போது இடது கையைக் கழுவ விரல்களைப் பிரித்தாள். சாதாரணமாகப் பிரியும் விரல்கள் அன்று பிரிய மறுத்தன. உள்ளங்கையில் நகம் பதிந்து சிவந்திருந்தது. கட்டை விரலை மெதுவாக இழுத்ததும் அப்பா பல்லைக் கடித்தார். விரல்கள் மடங்கிக்கொண்டே போனால் கை எங்கே போய் முடியும் என்று அவள் முதியோர் இல்லத்தில் கண்ணால் பார்த்தவள். சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு வெளியே போய்க் காரைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமையும் பிசியோவுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் யோங் பெங்குக்குக் கிளம்பினாள். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவே ஈரச் சாலை. வளைவுகளில் கார் நூல் பிடித்ததுபோல் போனது. போகிற வழியெல்லாம் கூண்டு போடச் சொல்லிவிடுவோம் என்றும், விற்றுவிடச் சொல்லுவோம் என்றும் மாற்றி மாற்றி நினைத்தாள். பட்டறையை அடைந்தபோது இரண்டும் பாதிப் பாதி இருந்தது.

தீபனுக்கு முப்பத்து மூன்று வயது. சிங்கப்பூர்ப் பட்டறைகளில் பத்து வருடம் எண்ணெயில் ஊறிவிட்டு வந்தவன். அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. பிறகு அவளைப் பார்க்காமல் காரைப் பார்த்துக் கேட்டான்.

“அக்கா, செப்பாங்ல இந்தக் காடி உங்களுக்கு என்ன தொந்தரவு குடுத்துச்சு?”

“பிரேக். அஞ்சாவது ரவுண்டுல மிதி உள்ள போயிருச்சு.”

“வேற?”

யோசித்தாள். வளைவில் இழுத்ததா, சூடு ஏறியதா, பின்பக்கம் வழுக்கியதா என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

“அப்ப இந்த லிஸ்ட்ல பிரேக் எங்கக்கா?”

ரூபினி தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். ஐந்து வரிகளிலும் பிரேக் இல்லை. காய்ச்சலோடு வந்தவருக்குக் காலில் கட்டுப் போடும் வேலையை அவளுடைய நிலையத்தில் புதிதாக வந்த பெண் செய்திருந்தால், அன்றே கூப்பிட்டு உலுக்கி எடுத்திருப்பாள்.

தீபன் காரின் பின் இருக்கை மெத்தையைக் கழற்றி, ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான்.

“பத்துக் கிலோ அரிசிப் பை அளவு வராது. இதக் கழட்டிட்டுக் கூண்டு போட்டா நாப்பது கிலோ ஏறும். நீங்க நாள் முழுக்க ஆளுங்கள எடை போடுறவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமாலா?”

அதோடு விடவில்லை. கூண்டுக் குழாய் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடும், தலைக்கவசம் இல்லாமல் சாலையில் ஓட்டும்போது யாராவது பின்னால் இடித்தால் மண்டை குழாயில்தான் போய் மோதும், இது தினமும் வேலைக்குப் போய்வருகிற கார் என்றான். சாலைக் காரை முழுக்கப் பந்தயக் காராக மாற்றுகிறவர்கள் வீட்டில் இன்னொரு கார் வைத்திருப்பார்கள். தனக்கு வேலை வந்தால் லாபம்தான், ஆனால் துளை போட்ட பிறகு நீங்கள் வந்து வாசலில் நிற்கக் கூடாது என்றான்.

கடைசியாகச் சங்கடத்தோடு தலையைச் சொறிந்துகொண்டான்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. இது வேகமா ஓட எழுதின லிஸ்ட்டு இல்ல. யாரும் ஏறக்கூடாதுன்னு எழுதின லிஸ்ட்டு.”

ரூபினி மைலோவின் மேல் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அவன் சொன்னதில் தவறு எங்கே என்று தேடினாள், அகப்படவில்லை. கூண்டும் இருக்கையும் தனக்காக வாய் திறந்து முடியாது என்று சொல்லட்டும் என்று அவள் காத்திருந்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பில் அப்பாவின் விரல் மடங்கிவிட்டது.

பழைய இருக்கையைத் திரும்பப் பொருத்தச் சொன்னாள். பிரேக் கட்டைகளும் சூடு தாங்கும் எண்ணெயும் வரவழைக்கச் சொன்னாள். பொருள் திங்கட்கிழமை வந்துவிடும், செவ்வாய் காலையில் மாட்டலாம் என்றான். டிசம்பரில் செப்பாங்கில் இன்னொரு நாள் இருக்கிறது, அதற்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டான். கொடு என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமா என்றான். வேண்டும் என்றாள். நாலு முறை போய் ஓட்டிவிட்டு வாருங்கள், அப்போதும் கூண்டு கேட்டால் போட்டுத் தருகிறேன் என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே இரண்டு தெரு நடந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். கமலநாதன் கைலியோடு வண்டிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். அண்ணி பிரவீனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். ரூபினி நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

“அண்ணே, செவ்வாக்கிழம அப்பாவ நீ கூட்டிட்டுப் போ. வெள்ளிக்கிழம நான்.”

“ஏன், உன் காடிக்கு இன்னும் சீட்டு மாத்தலியா?”

“மாத்தியாச்சு. காடிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குச் செவ்வாக்கிழம முடியாது.”

“வேலையா?”

“வேலை இல்ல. முடியாது.”

அந்தச் சொல்லை அவன் புரிந்துகொள்ளவில்லை. வேலை இல்லையென்றால் ஏன் முடியாது என்று மறுபடியும் கேட்டான். அப்போது அவள் மறைக்க நினைத்ததையும் சொல்லிவிட்டாள்.

“அந்தச் சீட்ட நான் வேணும்னுதான் போட்டேன். அப்பா ஏற முடியாதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். நீ வருவேன்னு பாத்தேன்.”

கமலநாதன் மெழுகுத் துணியைக் கீழே போட்டான். அப்பா உடம்போடு விளையாடினாயா, நீயெல்லாம் நோயாளியைப் பார்க்கிற மிஸ்ஸியா என்று ஆரம்பித்தான். ஆமாம், நாலு தடவை போகவில்லை, தப்புத்தான் என்றாள் ரூபினி. பிறகு குரலை உயர்த்தாமல், நீ ஒன்றரை வருடமாக ஒரு தடவைகூடக் கூட்டிப் போகவில்லை, அதையும் சேர்த்துப் பேசு என்றாள். தெருவில் போன சீனக் கிழவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பிரவீனாதான் உண்மையை வெளியே எடுத்தாள். தாழ்ந்த குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு.

“சீட்டு புதுசுமா. மாமாவுக்கு வழியில ஏதாச்சும் ஆயிருச்சுன்னா…”

“ஆகும் அண்ணி. பேம்பர்ஸ் போட்டாலும் சில நாள் ஆகும். அதுக்குத்தான் பிளாஸ்டிக்கு இருக்கே. பிரிச்சிறாதீங்க.”

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கமலநாதன் சிரிக்கவில்லை.

ரூபினி காத்திருக்கவில்லை. பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள், நாற்காலியை ஒட்டி நிறுத்தினாள், இடுப்புப் பட்டையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். உன் முட்டியை அவர் முட்டிக்கு முன்னால் வை, கையைப் பிடித்து இழுக்காதே, தோள் கழன்றுவிடும், பட்டையைப் பிடி என்று சொல்லச் சொல்ல, அவன் முகத்தை இறுக்கிக்கொண்டு செய்தான். முதல் முறை அப்பா பாதியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது முறை இருக்கையில் அமர்ந்தார். பிளாஸ்டிக் வழுக்கியதால் அவரைத் திருப்புவது துணி இருக்கையைவிடச் சுலபமாக இருந்தது. தாதிமார் இதற்கென்றே இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரிப்பார்கள்.

வேலு வண்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“லாரி மாதிரி இருக்கு. ரோடு தெரியுது.”

இறக்கும்போது கமலநாதனின் கைலி நனைந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.

“ஒன்பதரைக்கு அங்க இருக்கணும். எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வா. நான் இருக்க மாட்டேன்.”

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பிற்பகல் வேலை. அப்பாவுக்குக் காலைக் கஞ்சியைக் கொடுத்து, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஏழரைக்குக் கிளம்பினாள். தெரு முனையில் நிறுத்தினாள். அண்ணன் வராவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். கியரைப் போட்டாள்.

தீபன் ஒரு மணி நேரத்துக்குள் புதுக் கட்டைகளை மாட்டி, எண்ணெயை மாற்றி, எப்படிப் பழக்குவது என்று சொன்னான். ஆளில்லாத சாலையில் எண்பதுக்குப் போய் இருபதுக்குக் குறைக்க வேண்டும். முழுசாக நிறுத்தக் கூடாது. பத்து முறை விடாமல் செய்ய வேண்டும். நடுவில் நிறுத்தினால் கட்டை ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, அப்புறம் காலம் முழுக்க மிதியில் நடுக்கம் இருக்கும்.

சாஆ பக்கம் செம்பனைக்கு நடுவே ஒரு நீண்ட சாலையைத் தேர்ந்தெடுத்தாள். முதல் மூன்று முறை மிதி கல்லாக இருந்தது. நாலாவது முறை கட்டைகள் கடிக்கத் தொடங்கின. காருக்குள் எரிந்த மணம் ஏறியது. ஐந்தாவது முறை வேகம் எடுக்கும்போது பக்கத்து இருக்கையில் கிடந்த கைப்பேசி ஒலித்தது. திரையில் அண்ணன் பெயர்.

கை போனது. பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எண்பது. மிதித்தாள். அப்பா விழுந்துவிட்டாரா. இருபது. விழுந்திருந்தால் ஆஸ்பத்திரியிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். எண்பது. அண்ணன் வராமல் போய், இப்போதுதான் சாக்குச் சொல்கிறானா. மிதித்தாள். ஒலி நின்று மறுபடியும் தொடங்கியது. ஏழு. எட்டு. முதுகில் வியர்வை வழிந்தது. ஒன்பதாவது முறை மிதி ஒரே சீராக, காலுக்கு அடங்கி நின்றது. பத்து.

பிரேக்கைத் தொடாமல் நாலு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஆறவிட்டாள். பிறகு ஓரமாக நிறுத்தினாள். மூன்று முறை கூப்பிட்டிருந்தான். திரும்ப அழைத்தாள்.

“ஏன் போன் எடுக்கல?” என்றான் கமலநாதன். பின்னால் அப்பா இருமும் சத்தம் கேட்டது. சாதாரண இருமல்தான்.

“வேலையா இருந்தேண்ணே. என்ன?”

“மாத்துறதுக்கு பேம்பர்ஸ் எந்தப் பையில வச்ச? நர்ஸ் கேக்கறாங்க.”

“நாற்காலிக்குப் பின்னாடி நீலப் பை. ஈரத் துணியும் அதுலதான் இருக்கு. நர்ஸ்கிட்ட விட்டுட்டு வெளியே போயிராத, பக்கத்துல நின்னு பாத்துக்கோ. அடுத்த வாரம் நீதான் மாத்தணும்.”

சரி என்றான் கமலநாதன். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

ரூபினி கைப்பேசியை வைத்துவிட்டு மணி பார்த்தாள். வேலை தொடங்க மூன்று மணி நேரம் இருந்தது. இந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கால் ஏற்கெனவே கிளட்சை மிதித்திருந்தது.